கேட்காதவனுக்குப் போனஸ்

பெறுநர்: க்ளெய்ம் படிவம் தயாரிக்கும் பெரியவர்கள், காப்பீட்டுக் கம்பெனி (தங்கள் மரியாதை கருதிப் பெயர் தவிர்க்கப்பட்டது)

ஐயா,

சிவகாசியில் பட்டாசு முதலாளி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். பிரீமியத்தை நாள் தவறாமல் கட்டுவது என் பொறுப்பு. ஏதாவது ஆகிவிட்டால் உங்களிடம் கேட்கலாமா, கைக்காசைப் போட்டு முடித்துவிடலாமா என்று யோசனை சொல்வதும் நான்தான்.

முதலில் முதலாளியின் கார். சாத்தூர் ரோட்டில் மினி லாரி உரசி பம்பர் உடைந்தது. ஒர்க்‌ஷாப்பில் 6,000 ரூபாய் என்றார்கள். பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் பாதி, அது போக 3,000. கட்டாயப் பிடித்தம் 1,000 போக, கைக்கு வருவது 2,000. அதை வாங்கினால், ஐந்து வருடம் வாய் திறக்காமல் இருந்து சம்பாதித்த 50 சதவீத போனஸ் போய்விடும். அந்த போனஸால் எங்களுக்கு வருடம் 4,000 மிச்சம். முதலாளி 6,000 ரூபாயை எண்ணி வைத்துவிட்டார். காசு கொடுத்தவன் சரக்கைக் கேட்காமல் இருந்தால் பரிசு தருகிற கடை உங்களுடையது ஒன்றுதான்.

பம்பரோடு போயிருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். அடுத்து ஆலையில் மணி மருந்து அறை எரிந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, மாரியம்மன் புண்ணியம். படிவத்தை விரித்தேன். உரிமம் யார் பெயரில்? எழுதினேன். ஆலையை நடத்துவது யார்? பேனா நின்றுவிட்டது. உள்குத்தகை என்று எழுதினால் பாலிசியோடு உரிமமும் போகும். அறையில் எத்தனை பேர்? விதிப்படி நாலு பேர். தீபாவளிக்கு முந்தின மாதம் என்பதால், மீதியைத் தாங்களே ஊகிக்கவும். இருப்பு எத்தனை கிலோ? உள்ளதை எழுதினால் அளவு மீறல். உரிமத்தில் உள்ளதை எழுதினால் எரிந்ததில் பாதிக்குக் கணக்கே இல்லை. நாக்பூர் வெடிபொருள் அலுவலகத்தில் உரிமம் வாங்கியவர் கவலை வேறு, மாவட்ட வருவாய் அலுவலரிடம் (டி.ஆர்.ஓ.) வாங்கியவர் கவலை வேறு. ஆனாலும் பேனா நிற்கிற இடம் ஒன்றுதான். ஸ்டேஷனில் எழுதி வாங்கும் வாக்குமூலம் மாதிரி இருந்தது. ஒரே வித்தியாசம், இதற்கு நாங்களே முன்பணம் கட்டியிருக்கிறோம்.

உயிர் போனால் கணக்கே வேறு. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. யார் தவறு என்று கேட்காமல் நிவாரணம் தர வேண்டும். அட்டவணையில் ஓர் உயிருக்கு அன்று எழுதிய தொகை 25,000 ரூபாய். அதிலும் தொழிலாளி சேர்த்தி இல்லை. வேலிக்கு வெளியே ஆடு மேய்த்தவருக்கு உண்டு. உள்ளே மருந்து செலுத்தியவர் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தையோ ஈ.எஸ்.ஐ.யையோ தேடிப் போக வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால், அவர் அங்கே வேலை பார்த்தார் என்று நிரூபிப்பது பொண்டாட்டி பாடு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உயிருக்கு 20 லட்சம் என்றது. அந்தத் தொகை உங்கள் படிவம் எதிலும் என் கண்ணில் பட்டதில்லை. இதெல்லாம் தெரிந்துதான் சில இடங்களில் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். மஞ்சள் பையில் பணம் வருகிறது, வெள்ளைத் தாளில் கைநாட்டு விழுகிறது. அங்கே யாரும் பதிவேட்டைக் கேட்பதில்லை. தொகை ஏன் இவ்வளவு என்று கேட்கவும் ஆளில்லை.

ஆகவே ஒரு விண்ணப்பம். தீ அணைந்த பிறகு சர்வேயரை அனுப்பி, சாம்பலை நிறுத்துப் பார்க்கிறீர்கள். அவரை ஆடி மாதமே ஒருமுறை அனுப்பி, எரிவதற்கு முன்பே ஆளையும் கிலோவையும் எண்ணச் சொல்லலாமே? டீயும் வடையும் எங்கள் செலவு. ஆனால் புறப்படும் முன் ஒரு போன் போடச் சொல்லுங்கள். மரத்தடியில் திரி பின்னுகிறவர்களை வீட்டுக்கு அனுப்ப அரை மணி நேரமாவது வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
கணக்கப்பிள்ளை