லோரி ஓட்டத் தெரியாமலே லோரி டிரைவர் ஆவது எப்படி

தம்பி, பினாங்கு டத்தோ கிராமாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு லோரி என்றால் என்ன என்று வகுப்பெடுக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தால் மண் லோரி. தெரு நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தால் குப்பை லோரி. தைப்பூசம் நெருங்கும்போது சாலையோரத்தில் தேங்காய் குவிந்து கிடந்தால், இரவோடு இரவாக ஒரு லோரி வந்து போயிருக்கிறது. உனக்குத் தெரியாதது ஒன்றுதான், அதை ஓட்டுவது. அதற்காகத் தயங்காதே. லைசென்ஸ் எடுக்க அது அவ்வளவாகத் தேவைப்படாது.

வயதிலிருந்து தொடங்குவோம். கார் லைசென்ஸை 17 வயதில் எடுக்கலாம். கணினித் தேர்வில் 50 கேள்விக்கு 42 சரியாக இருந்தால் போதும். மீதி எட்டையும் சாலையில் எதிர்ப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. லோரிக்கு 21 ஆக வேண்டும். நடுவில் உள்ள நான்கு வருஷத்தில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நம் பையன்கள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் சாப்பாடும் பார்சலும் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்பப் போகிற லோரிக்கும் நடைபாதைக்கும் நடுவில் இடது பக்கமாகப் புகுந்து வெளியேறுவது எப்படி என்று கற்றுக்கொள்கிறார்கள். 21-ல் லோரியில் ஏறி உட்கார்ந்து, அதே இடது பக்கக் கண்ணாடியில் அப்படிப் புகுந்து வருகிறவனைத் தேடப்போகிறவர்களும் அவர்கள்தான். ஆக, இதுவும் ஒரு வகைப் பயிற்சி என்று வைத்துக்கொள்.

அடுத்தது எந்த வகுப்பு என்பது. வண்டியின் வெறும் எடை 3,500 கிலோ வரை டி, 5,000 வரை இ2, 7,500 வரை இ1, அதற்கு மேல் இ. கவனித்தாயா? கணக்கெல்லாம் வெறும் எடையில். லோரியில் ஒன்றும் ஏற்றாதபோது அது எவ்வளவு கனம் என்பதை வைத்து நீ எதை ஓட்டலாம் என்று முடிவாகிறது. சாலை இந்தக் கணக்கைப் படித்ததில்லை. இப்போதைக்கு நீயும் அதைப் பற்றி நினைக்காதே, கடைசி வரைக்கும் உன்னை யாரும் நினைக்கச் சொல்லப்போவதில்லை. சரக்கு ஏற்றிச் சம்பாதிக்க இந்த வகுப்போடு ஜிடிஎல் என்ற இன்னொரு உரிமமும் வேண்டும். டாக்டர் சான்றிதழ் வேண்டும். டாக்டர் கண்ணைப் பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், நிறம் தெரிகிறதா என்று கேட்பார். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குவாய் என்று கேட்கமாட்டார். அது உன் முதலாளியின் இலாகா.

வாசலிலேயே ஒருவர் வருவார். தோளில் கை போட்டு, "தம்பி, எதுக்குக் கஷ்டப்படுறே, வகுப்புக்கெல்லாம் வர வேண்டாம், நேரா லைசென்ஸ் வந்துடும்" என்பார். இந்தப் பறந்து வரும் லைசென்ஸுக்கு இந்த நாட்டில் 'தெர்பாங்' என்றே பெயர். கோப்பி காசு என்று தொடங்கி, கடைசியில் முறைப்படி படித்தால் ஆகிற செலவைத் தாண்டிவிடும். அதைவிட, ஊழல் தடுப்பு ஆணையம் கதவைத் தட்டுகிற நாளில் அந்த மனிதரின் கைப்பேசி அணைந்திருக்கும். முறைப்படியே போ. முறைப்படி போனாலும் நீ கற்றுக்கொள்ளப்போவது ஏறத்தாழ அவ்வளவுதான், ஆனால் ரசீது கிடைக்கும்.

இனி பயிற்சித் தடம். இதை மட்டும் கவனமாகக் கேள், தேர்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பயிற்றுநர் சொல்லித் தருவார்: "இரண்டாவது கம்பம் கண்ணாடியின் ஓரத்துக்கு வந்ததும் ஸ்டேரிங்கை முழுசா ஒடி. மூன்றாவது கம்பம் தெரிந்ததும் நேராக்கு. மஞ்சள் கோடு கதவுக்கு நேராக வந்ததும் பிரேக்." ஏன் என்று கேட்காதே. ஏன் என்று கேட்டவன் யோசிப்பான், யோசித்தவன் கோட்டைத் தொடுவான், தொட்டவன் மறுதேர்வுக்குப் பணம் கட்டுவான். கம்பத்தை மனப்பாடம் செய். சில நாளில், நீளமான ஒரு வண்டியைக் கோட்டைத் தொடாமல் பின்னால் தள்ளிக் கட்டத்துக்குள் நிறுத்திவிடுவாய். அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பு.

பாஸ் ஆன பிறகு ஒரு சாயங்காலம் பாடாங் பிரவுன் பக்கம் சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்கும் நேரத்தில், ஒரு சந்துக்குள் அரிசி மூட்டையோடு கோஸ்தான் போடச் சொல்வார்கள். அங்கே கம்பங்கள் இரா. இரண்டாவது கம்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆச்சியின் குடை இருக்கும், மூன்றாவது கம்பத்தின் இடத்தில் இரட்டை வரிசையில் நிறுத்திய மைவி இருக்கும். மஞ்சள் கோடு உண்டு, அதன்மேல் ஒருவர் நாற்காலி போட்டு மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மாநகர் மன்றத்துக்கு மனு எழுதி ஊர் முழுக்கக் கம்பம் நடச் சொல்லலாம். அது வரும் வரை ஹாரனை நம்பு.

டிரெய்லர் என்றால் இன்னும் விசேஷம். பின்னால் போகும்போது பெட்டி இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டேரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். ஒடித்த பிறகு உடனே முன் வண்டியைப் பெட்டியின் பின்னாலேயே கூட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் கத்திரிபோல் மடங்கிக்கொள்ளும். இதைக் கைக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் பழக வேண்டும். உனக்குக் கிடைப்பது சில மணி நேரம், அதிலும் பாதி வரிசையில் நின்று மற்றவன் மடக்குவதை வேடிக்கை பார்ப்பதில் போகும்.

வண்டியைச் சுற்றிப் பார்க்கும் சடங்கு ஒன்று உண்டு, ஆர்பிகே என்பார்கள். டயர், விளக்கு, எண்ணெய், தண்ணீர், கண்ணாடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி வாயால் சொல்ல வேண்டும். திறமையாக ஒப்பி. அதிகாரி தலையாட்டுவார். வேலைக்குப் போன இடத்தில் இதையே செய்தால் கிளார்க் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பின்சக்கரத்து நட்டு ஒன்று தளர்ந்திருக்கிறது என்று சொன்னால் போமன் மத்தியானம் வருவார் என்பார், லோரி காலையிலேயே கிளம்பும். வர்த்தக வண்டிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். சில பட்டறைகளில் அந்த ஒரு நாளைக்கு மட்டும் லோரிக்கு நல்ல டயர் மாட்டி, திரும்பி வந்ததும் கழற்றி அடுத்த லோரிக்கு மாட்டுவார்கள். டயர் நன்றாகத்தான் தேர்வு எழுதும்.

சாலைத் தேர்வில் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அதிகாரி உன் பக்கத்தில், இடது இருக்கையில் உட்காருவார். அந்த இருக்கையை நன்றாகப் பார்த்துக்கொள். உன் வேலைக் காலத்தில் அதில் ஒரு மனிதர் உட்கார்ந்து உன் ஓட்டுதலைக் கவனிப்பது அநேகமாக அதுவே கடைசி.

முன்பெல்லாம் அது லோரி உதவியாளான கெலிண்டானின் இடம். உன் தாத்தா காலத்துப் பினாங்கில் யாரும் நேராக டிரைவர் ஆனதில்லை, கெலிண்டானாகத்தான் ஏறினார்கள். மூட்டை ஏற்றுவது, கயிறு முறுக்குவது, கன்வாஸ் கட்டுவது, மேட்டில் நின்றால் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, தே ஓ வாங்கி வருவது. ஒரு சுத்தியலால் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்து, சத்தத்தில் எதில் காற்று குறைந்திருக்கிறது என்று சொல்வது. சந்தில் இறங்கி நின்று "கோஸ்தான்... கோஸ்தான்... கிரி சிகிட்... ஓப்!" என்று கத்துவது. இடது பக்கம் வரும் சைக்கிளுக்குக் கதவில் தட்டி எச்சரிப்பது. கொஞ்ச காலம் போனால் காலி லோரியைப் பட்டறைக்குள் நகர்த்த விடுவார்கள். இன்னும் கொஞ்சம் போனால் இரவில், ஆளில்லாத சாலையில், பக்கத்தில் அண்ணன் விழித்திருக்க, சட்டத்துக்குத் தெரியாமல். அடியும் திட்டும் கிடைத்தது, சம்பளம் சொற்பம், அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாரம் ஏற்றிய வண்டி எப்படி மூச்சு விடுகிறது என்பதை அந்த இருக்கையில் இருந்தவன் தன் முதுகாலேயே தெரிந்துகொண்டான்.

இப்போது கண்டெய்னர் வந்துவிட்டது, போர்க்லிப்ட் வந்துவிட்டது, இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் வீண் செலவு என்று கணக்கும் வந்துவிட்டது. கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வண்டிகளில் இன்னும் ஒரு கெலிண்டானைப் பார்க்கலாம். பட்டர்வொர்த் கண்டெய்னர் முனையத்திலிருந்து பெட்டி இழுக்கும் லோரியில் அந்த இடத்தில் ஒரு தலையணையும் தண்ணீர்ப் போத்தலும் கைப்பேசி சார்ஜரும் இருக்கின்றன. தலையணையைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெரியில் வண்டி ஏற்றி, கடல் காற்றில் கால் மணி நேரம் கண்ணயர்ந்த காலம் 2020-ஓடு போய்விட்டது. இனி தீவுக்கு லோரி வர 1985-ல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் இருக்கிறது, 2014-ல் திறந்த 24 கிலோமீட்டர் பாலம் இருக்கிறது. இரண்டிலும் கண்ணயர இடமில்லை.

மலையைப் பற்றி உனக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், ஒரு பக்க அளவில். பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் துன் சார்டோன் சாலையைப் பார்த்திருப்பாய், வளைந்து வளைந்து ஏறி அப்படியே இறங்கும். பழைய டிரைவர்கள் சொன்ன விதி ஒன்றுதான்: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடு. பாரத்தை இன்ஜின் பிடித்து வைக்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் காய்ந்து விரியும், பிடிமானம் போகும், பிறகு எவ்வளவு மிதித்தாலும் கால் மட்டும்தான் இறங்கும். பாதி இறக்கத்தில் கியரைக் குறைக்கப் பார்த்தால் அது விழாமல் நியூட்ரலில் நிற்கும், அதற்குப் பிறகு நீ டிரைவர் இல்லை, பயணி. இதைச் சொல்லித் தெரிந்துகொள்வது ஒன்று, இருபது டன் கல்லோடு முதுகில் உணர்வது வேறு. பாரம் ஏற்றிய வண்டியில் மலை இறங்கக் காட்டு என்று தேர்வில் உன்னிடம் கேட்க மாட்டார்கள். தேர்வு லோரி காலி. வெறும் எடை, ஞாபகமிருக்கிறதா?

வேலையில் சேர்ந்ததும் அந்தக் காலி இடத்தை முதலாளி நிரப்புவார். சம்பளம் குறைவு, டிரிப்புக்கு இவ்வளவு என்று மேல்காசு. ஐந்து நடையில் போக வேண்டியதை மூன்று நடையில் ஏற்றினால் அவருக்கு டீசல் மிச்சம், நான்காவது நடை போனால் உனக்கு வெள்ளி மிச்சம். எங்கே ஜேபிஜே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல 'தோந்தோ' என்ற ஆட்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள், மாதச் சந்தா உண்டு. நாட்டிலேயே மிக ஒழுங்காக நடக்கும் சாலைத் தகவல் சேவை அதுவாகத்தான் இருக்கும். மாட்டிக்கொண்டால் சமன் யார் பெயருக்கு, தண்டப் புள்ளி யார் கணக்கில் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வை. புள்ளி அளவுக்கு மேல் சேர்ந்தால் லைசென்ஸ் போய்த் தொங்கும். முதலாளிக்கு அப்படிப் புள்ளி சேரும் அட்டை ஒன்றும் கிடையாது.

2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரியும் கலகத் தடுப்புப் போலீசாரின் லோரியும் மோதிக்கொண்டன. போலீசாரில் 9 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் 9-ஆம் தேதி கெரிக் அருகே பஸ் விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்கள். இவற்றை வைத்து வேடிக்கை பேச எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கினார்கள். நல்லது, வர வேண்டியதுதான். ஆனால் அந்தக் கருவி இன்ஜினுக்குப் போகும் எண்ணெயைத்தான் குறைக்கும். இறக்கத்தில் வண்டியைத் தள்ளுவது எண்ணெய் அல்ல, பின்னால் இருக்கும் கல். டிரிப் காசைக் கட்டுப்படுத்தும் கருவி எதையும் யாரும் இன்னும் பொருத்தவில்லை.

இடது பக்கம் திரும்புவதைப் பற்றி ஏற்கெனவே பாதி சொல்லிவிட்டேன். நீள வண்டி இடது சந்திப்பில் திரும்ப முதலில் கொஞ்சம் வலது பக்கம் விலக வேண்டும். விலகியதும் இடது பக்கம் ஒரு வழி திறந்ததாக நினைத்து மோட்டார் சைக்கிள்காரன் உள்ளே வருவான். கதவுக்குக் கீழே வந்துவிட்டால் எந்தக் கண்ணாடியிலும் தெரியமாட்டான். பார்க்க வேண்டிய கண்கள் இருந்த இருக்கையில் தலையணை இருக்கிறது. மெதுவாகத் திரும்பு, பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் சரி. இது ஒன்றை மட்டும் நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

இனி வேலை தேடுவது. விளம்பரங்களில் ஆள் பஞ்சம் தலைவிரித்து ஆடும்: 'லோரி டிரைவர் உடனே தேவை, இ லைசென்ஸ், ஜிடிஎல், இரண்டு வருட அனுபவம்.' அனுபவம் இல்லை என்றால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் அனுபவம் எங்கே என்று கேட்காதே. ஆள் பஞ்சம் முற்றும் வாரத்தில் அந்த இரண்டு வருடம் தானாகவே இரண்டு நாளாகச் சுருங்கும். உன்னை ஒரு சீனியர் அண்ணன் பக்கத்தில் உட்காரவைத்து அனுப்புவார்கள். முதல் நாள் அவர் வழி காட்டுவார், எந்தக் கிடங்கில் யாரிடம் கையெழுத்து, எந்தக் கடையில் நாசி கண்டார் நன்றாக இருக்கும் என்று. இரண்டாம் நாள் நீ ஓட்டுவாய், அவர் தூங்குவார். அவர்மேல் கோபப்படாதே, மனிதர் நான்காவது நடை போய்விட்டு வந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் காலையில் கிளார்க் சாவியைத் தூக்கிப் போடுவார். சில வருஷம் தாக்குப்பிடித்தால் நீயே அந்தச் சீனியர் அண்ணன். புதுப் பையன் ஒருத்தன் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்து, "அண்ணே, அந்தச் சுத்தியல் எதுக்கு?" என்பான். சொல்லிக்கொடுக்கத் தொடங்கு. அதற்குள் கிளார்க் போன் அடித்து, நாளையிலிருந்து அவனுக்குத் தனி லோரி, வழியை மட்டும் காட்டினால் போதும் என்பார்.