பத்து மணிக்கு மேல மாட்டு, மருமகனே!

மருமகனே, கரண்டு காடி வாங்கிட்டியாமே. மாக் மண்டின் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. சத்தமே வராத வண்டிக்கு நீ போடுற சத்தம் அப்படி. நல்லா இரு. எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்தாச்சு, சாமி கும்பிட்டாச்சு. இனி இந்த மாமன் சொல்றதையும் கொஞ்சம் கேளு. கேக்க மாட்டேன்னு தெரியும். இருந்தாலும் சொல்றேன், எனக்குப் பொழுது போகணும்ல.

வண்டி ஸ்மார்ட்டு. சுவர்ல இருக்கிற மீட்டர் ஸ்மார்ட்டு. பினாங்கே 2030-க்குள்ள பசுமையான விவேக மாநிலம் ஆகணும்னு திட்டம் போட்டு வச்சிருக்காங்க. பாக்கி இருக்கிறது நீ ஒரு ஆள்தான்.

பாயான் லெப்பாஸ்ல வேலை முடிஞ்சு பாலம் தாண்டி வர்றே. மணி ஏழு. சப்பாத்தைக் கழட்டுறதுக்கு முன்னாடி சார்ஜரை மாட்டுறே. அது 7 கிலோவாட் பெட்டி. ஒரு குதிரைசக்தி ஏர்கோன் ஓடினா ஒரு கிலோவாட்டுகூட இழுக்காது. ஆக, நீ வீட்டுக்குள்ள கால் வைக்கிறப்பவே ஏழெட்டு ஏர்கோனை ஒண்ணாத் தட்டி விட்டுட்டு வர்றே. அதே நேரத்துல பக்கத்து வீட்டுல வாட்டர் ஹீட்டர், எதிர்வீட்டுல சோத்துப்பானை, கோடி வீட்டுல துணி மிஷின். தாமான்ல இத்தனை வீட்டுக்கும் சேர்த்துத்தான் டிரான்ஸ்ஃபார்மர். இப்போ தெருவுக்கு ஒரு வண்டி, பரவாயில்லே. புரோட்டோன் 2024 டிசம்பர்லயே கரண்டு காடி இறக்கிட்டான். மறுவருஷம் பெரோடுவாவும் இறக்கிட்டான், அதுல பேட்டரிக்கு மாச வாடகை வேற. நாளைக்கு வீட்டுக்கு ஒண்ணு நிக்கும். எல்லாரும் உன்னை மாதிரியே ஏழு மணிக்கு மாட்டினா, பிறையில கேஸ் எரிக்கிற நிலையமும் மஞ்சோங்ல நிலக்கரி எரிக்கிற நிலையமும் மூச்சு வாங்கணும். அந்த ஒரு மூணு மணி நேரத்துக்காகப் புதுசா நிலையம் கட்டினா, அதுக்கும் பில்லுல நீயும் நானும்தான் அழணும்.

இதுக்குத்தான் தெனாகா நேரத்துக்கு ஒரு விலை வச்சிருக்கான். 2025 ஜூலை 1-லேருந்து, அந்தத் திட்டத்தை எடுத்துக்கிட்ட வீட்டுக்குத் திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் பகல் ரெண்டு மணி முதல் ராத்திரி பத்து வரை விலை கூட. மத்த நேரம் குறைவு. சனி, ஞாயிறு, பொது விடுமுறை முழுக்கவே குறைவு. நீயும் அந்தத் திட்டத்துல சேர்ந்துட்டேன்னு பெருமையாச் சொன்னே. சேர்ந்துட்டு ஏழு மணிக்கு மாட்டுறியே, உன்னை என்ன சொல்ல! அந்த மீட்டர் அரை மணிக்கு ஒருதரம் கணக்கு எழுதுது. உன் அத்தைகூட என்னை அவ்வளவு கவனமாப் பார்த்ததில்லே.

கணக்கு கேப்பே, சொல்றேன். மாக் மண்டின்லேருந்து பாயான் லெப்பாஸ் போய்த் திரும்ப அறுபது கிலோமீட்டர் வச்சுக்க. பத்து யூனிட்டு போதும். யூனிட்டுக்கு வித்தியாசம் நாலு காசுக்குக் கொஞ்சம் மேல. ஆக ஒரு நாளைக்கு மிச்சம் நாப்பது காசு சொச்சம். அஞ்சு நாள் சேர்த்தா ஒரு தே தாரே குடிக்கலாம். பணக்காரனாக முடியாது, மருமகனே. ஆனா தெருவுல எல்லாரும் அந்தத் தே தாரேக்கு ஆசைப்பட்டாங்கன்னா டிரான்ஸ்ஃபார்மர் பிழைச்சுக்கும்.

இன்னொண்ணு. அந்தப் பத்து யூனிட்டை 7 கிலோவாட் பெட்டி ஒன்றரை மணி நேரத்துல ஏத்திடும். ராத்திரி பத்துலேருந்து காலை ஆறு வரை வண்டி சும்மாத்தானே நிக்குது? எட்டு மணி நேரம்! இத்தனை நேரம் கையில இருக்கிறவன் எதுக்கு ஏழு மணிக்கு அடிச்சுப் பிடிச்சு மாட்டணும்? சாதாரண மூணு முள்ளு பிளக்குல 2 கிலோவாட் மெதுவா இழுத்தாலே விடியறதுக்குள்ள பதினாறு யூனிட்டு ஏறியிருக்கும். சுவர்ப் பெட்டிக்குக் கொட்டின காசை உன் அத்தைகிட்ட குடுத்திருந்தா நகையாவது மிஞ்சியிருக்கும். அதுக்காகப் பழைய வயர்ல எக்ஸ்டென்ஷன் போட்டு இழுத்துடாதே. வீடு பத்திக்கும். தனி லைன் வேணும், வயர்மேனைக் கூப்பிடு. எந்த நேரம் ஏத்தணும்னு குறிச்சு வைக்கிற வசதி உன் வண்டியிலயே இருக்கு. நீ அந்தத் திரையில பாட்டு மட்டும்தான் தேடுறே.

கரண்டு வண்டி புதுசுன்னு என்கிட்ட பீத்தாதே. ஜார்ஜ் டவுன்ல 1906-லயே கரண்டு டிராம் ஓடிச்சு. அது 1936-ல நின்னுச்சு. டிராலி பஸ் 1961 வரைக்கும் தலைக்கு மேல வயரைப் பிடிச்சுக்கிட்டு ஓடிச்சு. அதுங்களுக்குப் பேட்டரி கிடையாது. ஓடுற நேரத்துலயே கரண்டு வேணும், இல்லேன்னா நடுரோட்டுல நிக்கணும். உன் வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லே. எப்ப வேணுமோ அப்ப எடுத்து வச்சுக்கலாம். அறுபதாயிரம் எழுபதாயிரம் வெள்ளி குடுத்து நீ வாங்கினதுல உருப்படியான விஷயமே அது ஒண்ணுதான். அதைத்தான் நீ தொடவே மாட்டேங்கிறே.

அடுத்தது உன் வலது கால். "மாமா, புக்குல சொன்ன தூரம் ஓட மாட்டேங்குது"ன்னு அன்னிக்குப் புலம்பினே. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். 80-ல போறப்போ எதிர்க்கிற காத்து, 110-ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எதிர்க்கும். வேகத்தை வேகத்தால பெருக்கிப் பாரு, பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருப்பாங்க. நீ அன்னிக்குப் போகலியோ என்னவோ. முன்னாடி வண்டி பிரேக் போடுறது தெரிஞ்சா காலை மெதுவா எடு. சக்கரம் சுத்துற வேகத்துலேருந்து கொஞ்சம் கரண்டு பேட்டரிக்கே திரும்பும். போனது எல்லாமே திரும்பிடாது. அதனால பச்சை விளக்குக்குப் பாய்ஞ்சு சிவப்புக்கு நிறுத்துற வீரத்தை விட்டுடு. டயர்ல காத்து இருக்கான்னும் பாரு.

பாலத்துல ஜாமானா மட்டும் பயப்படாதே. பெட்ரோல் காடிக்காரன்தான் நின்ன இடத்துல எண்ணெய் எரிப்பான். நீ ஒரு மணி நேரம் நின்னாலும் ஏர்கோனுக்கு ஒன்றோ ஒன்றரையோ யூனிட்டு, அவ்வளவுதான். அன்னிக்கு நீ ஏர்கோனை அணைச்சுட்டு வேர்த்து வழிஞ்சு வந்து நின்னப்போ, ஏதோ கடன்காரன் துரத்துறான்னு நெனச்சு நான் கதவைச் சாத்தப் பார்த்தேன்.

ஹைவேல வேகச் சார்ஜர்ல பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல ஏறுற வரைக்கும் உக்காந்திருக்காதே. அதுக்கப்புறம் மெதுவாத்தான் ஏறும், பின்னால நிக்கிறவன் வாயில விழுவே. விலையும் வீட்டு விலையைப் போல ரெண்டு மூணு மடங்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஏழு மணிக்கு நீ மாட்டினா என் வீட்டு ஃபேன் சோம்பல் முறிக்குது, அத்தைக்கு சீரியல்ல கண்ணீர் சரியாத் தெரியலையாம். அதான் இவ்வளவு அக்கறை. வர்ற ஞாயித்துக்கிழமை சுங்கை பட்டாணியில ஒரு கல்யாணம். அன்னிக்கு நாள் முழுக்கச் சலுகை விலை, காலையில நிரப்பிட்டு வந்து எங்களை ஏத்திக்க. 90-க்கு மேல போகாதே. ஏர்கோனை மட்டும் நல்லாக் கூட்டி வை, அது ஒரு யூனிட்டுதான்னு நானே கணக்குப் போட்டுச் சொல்லிட்டேன். டோல் உன் செலவு.