மூலவர், உற்சவர், கவசம்: கைப்பேசிப் பக்கங்கள் பற்றிய இரு மரபுகள்

கைப்பேசித் திரைக்கெனத் தனிப் பக்கம் அமைக்கும் கலை கலிபோர்னியாவில் பிறந்தது என்பது அறிஞர் பலரின் துணிபு. அவர்கள் திருமலைக்கு வந்து ஆராயவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை, கோயிலுக்குள் கைப்பேசியைக் கொண்டுபோக முடியாது.

சிக்கலை வரையறுப்போம். திருப்பதி ரயில் நிலையத்தின் அருகே ஒரு லாட்ஜ் இருப்பதாகக் கொள்க. கணினித் திரையை மனத்தில் வைத்து என்றோ கட்டிய இணையதளம் அதற்கு உண்டு. வேலூரிலிருந்து வந்திறங்கும் குடும்பம் அதைச் செல்போனில் திறக்கிறது. பக்கத்தில் வியூபோர்ட் என்ற ஒரு வரிக் குறிப்பு இல்லையென்றால், ஐபோன் அப்பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று தானே முடிவுகட்டி, முழுவதையும் சுருக்கி உள்ளங்கைக்குள் அடைத்துவிடும். "ஏங்க, ஏசி ரூம் எவ்வளவுன்னு பாருங்க" என்பார் அம்மா. அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். பாட்டி அதற்குள் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டிருப்பார்.

தீர்வு கண்டவை இரண்டு மரபுகள். முதலாவது திருப்பதி மரபு. திருமலையில் மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை. மாட வீதியில் எழுந்தருள்பவர் உற்சவரான மலையப்ப சுவாமி. கணினிப் பக்கத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, வீதியுலாவுக்கு வேறொரு திருமேனி செய்துகொள்வதே இதன் சாரம். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸுக்கு 2008-இல் வந்த டபிள்யூபிடச் என்ற பிளகின், அதாவது ஒட்டு நிரல், இதைத்தான் செய்தது. செல்போனில் வருபவருக்குத் தனி தீம், கணினியில் வருபவருக்குப் பழைய தீம். உள்ளிருக்கும் சரக்கு ஒன்றே.

வருபவர் யாரென்று பிளகினுக்கு எப்படித் தெரியும்? உலாவியே தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். யூசர் ஏஜென்ட் என்பார்கள். அதைச் சத்திய வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. குரோமும் சஃபாரியும் 'மொசில்லா 5.0' என்றுதான் பேச்சையே தொடங்குகின்றன. 2019-இல் ஐபேட்ஓஎஸ் 13 வந்தது முதல் ஐபேட் தன்னை மேக் கணினி என்றே சொல்லிக்கொள்கிறது. இது போதாதென்று, வேகத்துக்காக, ஒருமுறை உருவான பக்கத்தைச் சேமித்துவைத்துத் தரும் கேச் பிளகின் ஒன்றையும் போட்டு, அதில் மொபைலுக்கான கட்டத்தை டிக் செய்ய மறப்பவர்கள் உண்டு. அப்புறம் முதலில் வந்தவருக்குக் கிடைத்த பக்கமே பின்னால் வருவோருக்கெல்லாம் போகும். காலையில் ஒரு செல்போன்காரர் முந்திக்கொண்டால், கேச் கலையும்வரை பெரிய திரைக்காரர்களும் ஒல்லிப் பக்கத்தையே சேவிக்க வேண்டியதுதான்.

இம்மரபில் உற்சவருக்குத் தனி முகவரி கொடுப்பதும் உண்டு. அப்போது செல்போன் பக்கத்திலிருந்து மூலப் பக்கத்தைச் சுட்டும் கனானிக்கல் இணைப்பு ஒன்றைக் கட்டாயம் இட வேண்டும். இல்லாவிட்டால் கூகுள் இரண்டையும் வெவ்வேறு தெய்வங்களாக எண்ணிக் குழம்பும். திருமலைக் கருவறையிலேயே இருக்கும் போக ஸ்ரீநிவாசர் என்ற சிறு திருமேனியை மூலவரோடு ஒரு கயிறு எப்போதும் இணைத்திருக்கிறது. கனானிக்கல் பற்றிய இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த மென்பொருள் கையேட்டிலும் என் கண்ணில் படவில்லை. பழைய பதிப்பை என்ன செய்வது என்பதற்கும் அங்கேயே விடை உண்டு. முன்பு உற்சவராக இருந்த உக்ர ஸ்ரீநிவாசர் ஆண்டுக்கு ஒருநாள், கைசிக துவாதசியன்று, சூரியன் எழுமுன் மட்டும் புறப்பாடு காண்கிறார். மென்பொருள் உலகில் ஓய்வுபெற்ற எதற்கும் இந்த மரியாதை கிடைப்பதில்லை.

இரண்டாவது சித்தூர் மரபு. அதன் தலைமையிடம் காணிப்பாக்கம். அங்கே கிணற்றில் எழுந்தருளியுள்ள வரசித்தி விநாயகர் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது நம்பிக்கை. முன்பு சாற்றிய வெள்ளிக் கவசம் இப்போது பொருந்துவதில்லை என்பார்கள். திருமேனி ஒன்றுதான், அளவு மாறும், ஈடுகொடுக்க வேண்டியது கவசம். 2010 மே மாதம் ஈதன் மார்காட் என்பவர் 'ரெஸ்பான்சிவ்' வடிவமைப்பு என்று எழுதியது இதையே. தனிப் பக்கம் வேண்டாம், திரையின் அகலத்துக்கேற்பக் கட்டங்களும் படங்களும் விரிந்து சுருங்கட்டும் என்றார். காணிப்பாக்கத்தை அவர் மேற்கோள் காட்டாதது ஆய்வு நெறிக்கு இழுக்கு.

2022 ஏப்ரல் 4 அன்று சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமானது. நிர்வாக வசதிக்காக என்கிறார்கள். இரு மரபுகளும் ஒரே கலெக்டரின் கீழ் இருக்க முடியாமல் போனதே காரணம் என்பது இவ்வாய்வாளனின் கருத்து.

புதிதாகத் தளம் கட்டுவோர் சித்தூர் பக்கம் சேர்வதே நல்லது. பழைய தளத்தை இடிக்கக் காசில்லாத லாட்ஜுக்குத் திருப்பதி வழியும் குற்றமில்லை, ஒரு நிபந்தனையோடு. மலையப்ப சுவாமிக்கு மாலையிலோ நகையிலோ யாரும் குறை வைப்பதில்லை. பிளகின் போடுவோர் மட்டும், செல்போன்தானே என்று வாடகைப் பட்டியலை எடுத்துவிடுகிறார்கள், வழியையும் எடுத்துவிடுகிறார்கள். கூகுளோ செல்போன் பக்கத்தையே முதன்மையாக வாசிக்கப்போவதாக 2016 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. உற்சவரிடம் இல்லாதது மூலவரிடம் இருந்தும் அதன் கணக்கில் ஏறாது.

இன்னொன்று, எந்தப் பிளகினாலும் ஆகாதது. லாட்ஜின் தொலைபேசி எண் கோபுரப் படத்தின்மேல், படத்தோடு படமாக எழுதப்பட்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் எத்தனை முறை தொட்டாலும் அழைப்பு போகாது. இந்த நிலையிலும் "நிறுவினால் போதும், ஐந்தே நிமிடம்" என்கின்றன பிளகின் விளம்பரங்கள். வழக்கில் இருப்பவர்கள் காணிப்பாக்கம் குளத்தில் முழுகி எழுந்து விநாயகர்முன் சத்தியம் செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. சித்தூரிலிருந்து அடிக்கடி பஸ் போகிறது.