துப்பாக்கி வீட்டுக்காரர்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அரிதாகக் காணக்கிடைக்கும் மனித வகைகளுள் ஒன்று, ‘துப்பாக்கி வீட்டுக்காரர்’ என்று ஊரார் சுட்டும் உரிமத் துப்பாக்கிக்காரர். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம், மாநகரமாயின் காவல் ஆணையரிடம், உயிருக்கு ஆபத்து என்றோ பயிருக்குப் பன்றித் தொல்லை என்றோ காரணம் காட்டி உரிமம் பெற்றவர் இவர். இவரிடம் இருப்பது பெரும்பாலும் இரட்டைக்குழல் துப்பாக்கி, அதாவது இரு குழல்களையும் ஒருசேர மடித்துத் திறந்து பின்புறமாகத் தோட்டா இடும் வகை; அது தந்தை விட்டுச் சென்றதாயிருக்கும், மீசை மட்டும் இவரே வளர்த்ததாயிருக்கும்.

ஆயுதம் பெருகினால் மரியாதையும் பெருகும் என்றொரு வாதம் அமெரிக்காவில் உண்டு. எதிரில் நிற்பவர் இடுப்பில் என்ன இருக்குமோ என்ற அச்சத்தில் எல்லாரும் நயமாகப் பேசுவர் என்பது அதன் சாரம். நம்மவர் அவ்வாதத்துக்கு உயிருள்ள சான்று. என்ன, இங்கே நயமாகப் பேசுபவர் துப்பாக்கி வைத்திருப்பவர்தாம். வாய்க்கால் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் மண்வெட்டியை ஓங்கி ஊன்றிப் பேசலாம். வேளாண்மைக்கென்றே அமைந்த கருவிகளைச் சட்டம் ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. கைத்தடிக்கும் லத்திக்கும்கூட அச்சலுகை உண்டு என்பதால், சிலம்பக் கம்போடு ஒருவர் ஊரையே வலம் வரலாம். துப்பாக்கிக்காரர் குரலைச் சற்றே உயர்த்தினாலோ ‘துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்’ என்று புகார் எழும், புகார் வழக்காகும், வழக்கு உரிமத்தைத் தின்றுவிடும். ஆகவே அவர், “நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்ண்ணே” என்று வரப்பில் ஒரு சாண் விட்டுக்கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார். காவல் நிலையத்தில் பதிவேடுகளைப் பேணும் எழுத்தரை, வழக்கில் ‘ரைட்டர்’ எனப்படுபவரை, தம் மகன் வயதினராயினும் எழுந்து நின்று ‘சார்’ என்றே அழைக்கிறார்.

தற்காப்புக்கென வாங்கிய துப்பாக்கியைக் காப்பதே அவரது முழுநேரப் பணியாகிவிடுகிறது. அது களவு போனால் காவல் நிலையத்துக்கு உடனே ஓட வேண்டும் என்பதால், வெளியூர்த் திருமணங்களுக்கு மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு அவர் பீரோவுக்குக் காவலிருக்கிறார். நள்ளிரவில் மெய்யாகவே திருடன் வந்துவிட்டால் நிகழக்கூடியதையும் ஆராய்வது தகும். முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டும். பிறகு பீரோச் சாவியை. பிறகு, பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாதிருக்க அடுக்களைப் பரண்மேல் புளிப்பானைக்குப் பின்னே வைத்த தோட்டாவை. மூன்றும் இருக்குமிடம் மனைவிக்கே தெரியுமாதலால் அவரையும் எழுப்ப வேண்டும். இவ்வளவும் கைகூடிய பின்னரும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் குறுக்கே நிற்கும். தற்காப்புரிமையை வழங்கும் அவை, காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கிழைத்தல் ஆகாது என்றும் வரையறுக்கின்றன. அந்த அளவை அவர் கணித்து முடிப்பதற்குள் திருடன் அடுத்த தெருவையும் முடித்திருப்பான்.

தேர்தல் காலத்தில் இவ்வளவு தொல்லைகூட இல்லை. தேர்தல் அறிவிப்பு வெளியானதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்குமாறு ஆணை வரும். வங்கிக் காவலர் போன்றோருக்கு விலக்கு உண்டு, மீசைக்கு இல்லை. நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கி உறைக்குள் புகுந்து நிலையத்துக்குப் போய், முடிவுகள் வந்த பின்னரே வீடு திரும்பும். மனமகிழ்ச்சியை வெளிக்காட்டாமல் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வரும் அவர், அந்த வாரங்களில் மட்டும் உறவினர் வீட்டு விசேடங்களில் தென்படுகிறார், தெருவில் சற்று உரக்கவும் பேசுகிறார். ஒப்படைத்ததற்குத் தரப்படும் ரசீதை வந்தவரிடமெல்லாம் எடுத்துக்காட்டுவதால், வீட்டில் ஆயுதம் இல்லை என்ற செய்தி திருடர் உட்பட அனைவருக்கும் முறைப்படி அறிவிக்கப்பட்டுவிடுகிறது.

ஒருவர் வைத்துக்கொள்ளத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது அவர் சிறிதும் வருந்தவில்லை. ஒன்றோடு படும் பாடே போதும் என்பது அவர் கருத்து. அதே திருத்தம் உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியதைத்தான் தெருவுக்கே இனிப்பு வழங்கிக் கொண்டாடினார். பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி துப்பாக்கியால் சுட்டுக் கொண்டாடுவோருக்கு அத்திருத்தமே ஈராண்டு வரை சிறையும் விதித்திருப்பதால், இனிப்போடு நிறுத்திக்கொண்டார்.