குரூப் சார்

அம்பத்தூர் ஓ.டி.யிலோ, ஆவடி லோக்கலிலோ, பூந்தமல்லி டீக்கடையிலோ குரூப் சாரிடம் வாய் தவறி ஒரு வார்த்தை விட்டால் போதும். "மாடியில நாலு தக்காளிச் செடி வெச்சிருக்கேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கை சட்டைப் பைக்குள் போய்விடும். "நம்பர் அதேதானே சார்?" என்பார். டீ ஆறுவதற்குள் தக்காளிக்காரர் மாடித்தோட்டக் குரூப் ஒன்றில் உறுப்பினர். யாரென்றே தெரியாத ஒருவரின் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பியிருக்கும் படம், மூன்று கோணங்களில், முதல் வரவாக வந்து விழும்.

பறவை பார்ப்பது, செடி வளர்ப்பது, பழைய நாணயம் சேர்ப்பது எல்லாம் மற்றவர்களின் பொழுதுபோக்கு. சாருடையது ஆள் சேர்ப்பது.

குரூப்புகளைத் தேடிக் கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கொரட்டூர் ஏரிக்கு வலசை வரும் வாத்துகளைப் பற்றிப் பேச வாட்ஸ்அப்பில் ஒன்று, டெலிகிராமில் ஒன்று, ஃபேஸ்புக்கில் இரண்டு என்று வைத்திருப்பார். நான்கிலும் ஓடுவது ஒரே வாத்துப் படம்தான் என்று சொன்னால் கோபம் வரும். "அதுல அட்மின் வேற சார்."

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, சார் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தார். சில வருஷம் கழித்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் யூஸ்நெட் கண்ணில் பட்டது. டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979இல் யோசித்து, அடுத்த வருஷம் ஓடத் தொடங்கிய செய்திக் குழுக்கள் அவை. பறவைக்கு ரெக்.பேர்ட்ஸ், தோட்டத்துக்கு ரெக்.கார்டன்ஸ், தமிழர்கள் சண்டை போட்டுக்கொள்ள சோக்.கல்ச்சர்.தமிழ். நீளமான பட்டியலில் வேண்டியதைத் தேடி டிக் அடித்தால் சந்தாதாரர். டிக்கை எடுத்துவிட்டால் விடுதலை. யார் சேர்ந்தார், யார் போனார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. முக்கியமாக, அடுத்தவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட வழியே கிடையாது. சாரின் திறமை வீணாகிக்கொண்டிருந்த காலம் அது.

வாட்ஸ்அப் வந்தது, விட்டதையெல்லாம் பிடித்தார். கேட்காமலே சேர்க்கலாம். சேர்க்கப்பட்டவர் வெளியேறினால் எல்லார் திரையிலும் அது தெரியும் என்பதால் மானஸ்தர்கள் உள்ளேயே கிடப்பார்கள். 2019 ஏப்ரலில், யார் தன்னைக் குரூப்பில் சேர்க்கலாம் என்பதை அவரவரே முடிவு செய்யும் வசதி வந்தபோது ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. சார் அசரவில்லை, லிங்க் அனுப்பத் தொடங்கினார். லிங்க்கைத் தொடாவிட்டால் வாக்கிங்கில் மறித்து, "வந்துதா? நெட் ஸ்லோவா?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

2022இல் ஒரு குரூப்பின் கொள்ளளவு 256 பேரிலிருந்து 512 ஆகி, அந்த வருஷம் முடிவதற்குள் 1024 ஆனது. சாருக்கு அது டபுள் தீபாவளி. அதே வருஷம் ஆகஸ்டில், சத்தமில்லாமல் வெளியேறலாம், அட்மினுக்கு மட்டும்தான் தெரியும் என்றும் அறிவித்தார்கள். மாட்டியிருந்தவர்கள் சந்தோஷமாக நழுவினார்கள். பத்தாவது நிமிஷம் போன் வந்தது. "என்ன சார், கை பட்டு வெளியே போயிட்டீங்களா? திரும்ப சேத்துடறேன்." அட்மின் யார் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

ரயில் ரசிகர் குரூப்பிலும் இருக்கிறார். வாப்-7 இன்ஜினின் ஹாரன் சத்தத்தைப் பற்றி அங்கே அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருக்கும்போது, "இன்னிக்கு திருவள்ளூர் ஃபாஸ்ட் லேட்டா?" என்று கேட்பார்.

அவர் வீட்டு மாடியைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி கிடைக்கும். மூலையில் தேங்காய் நார்க் கட்டிகள், மேலே சுற்றிய பிளாஸ்டிக் பிரிக்காமல். மடிப்புக் கலையாத வளர்ப்புப் பைகள். ஈயம் பூசியதுபோல் வெளுத்துப்போன விதைப் பாக்கெட்டுகள். எதிர்ப்பக்கம் உடைந்த பிளாஸ்டிக் வாளியிலும் பெயின்ட் டப்பாவிலும் கற்பூரவல்லி, பிரண்டை, கறிவேப்பிலை, காய்த்துத் தொங்கும் கத்தரி. அந்தப் பக்கம் வீட்டம்மாவுடையது. அவர் எந்தக் குரூப்பிலும் இல்லை. செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு சார் கீழே வந்து, சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டு போய், "வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் தெளிக்கவும்" என்று குரூப்பில் போட்டார். கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. பூச்சி போய்விட்டதாம். செம்பருத்திக்காரர் சாரை "மாடித்தோட்ட மாமேதை" என்றே இப்போது அழைக்கிறார். உண்மையில் நல்ல மனுஷர்தான். யாருக்கு எது தேவை என்றாலும் ஓடுவார்.

ஆனால் ஒன்று. குரூப்பில் இருக்கும் எல்லாருக்கும் எல்லார் நம்பரும் தெரிகிறது. தக்காளி வளர்த்த குற்றத்துக்காக ஒரு குடும்பஸ்தரின் நம்பர் எழுநூறு பேர் கைக்குப் போகிறது. அதில் யாரோ ஒருவர் வேப்பம்பட்டில் மனை விற்கிறார். மத்தியானம் கண்ணயரும் நேரத்தில், "ஸ்டேஷன்லருந்து நடக்கிற தூரம் சார், சைட் விசிட்டுக்குக் கார் அனுப்பறோம்" என்கிறார். மறுநாள் இன்னொருவர் பர்சனல் லோன் தருகிறேன் என்கிறார். சேர்ப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? ஒரே ஒரு வார்த்தை. எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லியாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க சார், நல்லதுக்குத்தானே" என்பதற்கு மேல் பதில் வந்ததில்லை.

அதனால் தெருவில் இப்போது எல்லாரும் உஷார். சார் வருவது தெரிந்தால் செடிப் பேச்சு, கிளிப் பேச்சு எல்லாம் நின்று கிரிக்கெட்டுக்குத் தாவிவிடும். போன ஞாயிற்றுக்கிழமை நர்சரியிலிருந்து கத்தரி நாற்றுத் தட்டோடு வந்த ஒருவர் தெருமுனையில் வசமாகச் சிக்கிக்கொண்டார். ஒளித்துவைக்க இடமில்லை. "எனக்கில்ல சார், பக்கத்து வீட்டுக்காரருக்கு வாங்கினேன்" என்று சமாளித்தார்.

சார் போனை எடுத்தார். "அவர் நம்பர் சொல்லுங்க."