வட்ட நடையில் சேறும் நாயும்: மூலமும் உரையும்

வட்டம் என்ப தொடங்கிய இடத்தே
முட்டும் நடையை, முட்டா தாயின்
சேறும் நாயும் காரணம் ஆகும்.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், இங்கிலாந்தின் வடமேற்கே லேக் டிஸ்ட்ரிக்ட் மலைமேடுகளில் நாயைக் கூட்டிக்கொண்டு, ஆளரவமற்ற சிற்றேரிகளைத் தொட்டுச் சுற்றி வருவோர்க்கு ஓர் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. ‘என்ப’ என்றதனால் ஆசிரியர் தாமே நடந்து பார்த்தவர் அல்லர் என்பது பெற்றாம். நூற்பாவை யாத்தவரும் உரை செய்பவரும் ஒருவரே என்று ஐயுறுவாரும் உளர். அவ்வையம் ஆராய்ச்சிக்கு இடையூறாதலின் விடுக்க.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தடம் வாட்டெண்ட்லத் என்னும் சின்னஞ்சிறு ஊரில் தொடங்குகிறது. தெற்கே ஏறினால் டாக் டார்ன். அங்கிருந்து கிழக்கே ஈரநிலத்தில் தத்தித் தாவிப் போனால் ப்ளீ டார்ன். ‘டார்ன்’ என்பது மலைமேல் ஏரிக்கு அந்த ஊர்க்காரர்கள் வழங்கும் பெயர். பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளங்களில் நிற்கும் தண்ணீர். பிறகு முகட்டைப் பிடித்து வடக்கே நடந்து, 515 மீட்டர் உயரமுள்ள ஹை டோவில் மேற்கே திரும்பி இறங்கினால் மறுபடி வாட்டெண்ட்லத். வரைபடத்தில் அழகான வட்டம். வரைபடத்தைக் காகிதத்தில் அச்சிடுகிறார்கள், காகிதம் நனைவதில்லை என்ற நம்பிக்கையில்.

முதலில் திணை பற்றிய சிக்கலைத் தீர்க்க வேண்டும். மலையென்றால் குறிஞ்சி, சேறென்றால் மருதம் என்று படித்து வந்தவர்களுக்கு இந்த மேடு பெரிய சோதனை. இங்கே சேறு அடிவாரத்தில் இல்லை, உச்சியில் இருக்கிறது. தண்ணீர் பள்ளம் நோக்கித்தானே ஓடும் எனின், ஓடும், ஓட விட்டால். கீழே நீரை எளிதில் உள்ளே விடாத பழைய எரிமலைப் பாறை. மேலே ஸ்ஃபாக்னம் என்ற பாசி, தன் உலர்ந்த எடையைப் போல 20 மடங்கு வரை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு எவருக்கும் தருவதில்லை. வானமும் கஞ்சத்தனம் பண்ணுவதில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கிலுள்ள சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3 மீட்டருக்கும் மேல் மழை. இங்கிலாந்தில் மனிதர் குடியிருக்கும் இடங்களில் அதுவே மிக ஈரமானது என்பார்கள். இப்படிக் காற்றுப் புகாமல் ஊறிக் கிடக்கும் நிலத்தில் செத்த செடிகள் முழுதாக மட்குவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் கணக்கில் கருப்பாகப் படிந்துகொண்டே போகின்றன. அதுதான் பீட். ஆகவே முழங்கால் வரை, அதாவது அரை மீட்டர், உள்ளே போனவர் 500 ஆண்டு கீழே போயிருக்கிறார். அவருடைய பூட்ஸ் எட்டாம் ஹென்றி காலத்துச் செடிமேல் நிற்கிறது. வரலாற்றில் இவ்வளவு ஆழமாகக் கால் பதித்தவர்கள் வேறு துறையில் குறைவு.

எங்கே கால் வைப்பது என்பதில் கண்ணை நம்பலாகாது. பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் எங்கே மின்னுகிறதோ அங்கேதான் ஆழம் அதிகம். வெள்ளைப் பஞ்சுத் தலையோடு புல் ஆடினால் அதுவும் ஈரத்தின் அறிவிப்பே. கோரை நிற்கும் இடமும் ஈரம்தான், ஆனால் வேர்ப்பிடிப்பு ஓரளவு ஆளைத் தாங்கும். அனுபவசாலிகள் கோரைத் திட்டுக்குத் திட்டு தாண்டுவார்கள். நாய் இந்த அறிகுறிகளைப் படிப்பதில்லை, நேராகப் போகிறது.

இனி முன்னோர் நூல்கள். மலைநடைக்கு நேரம் கணிக்கும் சூத்திரத்தை வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் தந்தார். 3 மைலுக்கு ஒரு மணி, 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. நம் தடத்தைச் சுமார் 10 கிலோமீட்டர், 350 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை மணிக்குச் சற்று மேல் வருகிறது. இந்தக் கணக்கைக் காட்டி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்தவர்களின் கதி உய்த்துணர்க. நெய்ஸ்மித்தின் சூத்திரத்தில் சேற்றுக்குணகம் இல்லை, நாய்க்குணகமும் இல்லை. நாய் முன்னே ஓடி, திரும்பி வந்து, மோந்து, மறந்து, மறுபடி போகிறது. அது நடந்த தூரத்தில் ஒரு பகுதியைத்தான் நாம் நடக்கிறோம். எனவே சுற்றை முழுமையாக நடந்தவர் யார் என்ற கேள்விக்கு விடை நாய் என்பதே நம் துணிபு.

அடுத்தவர் ஆல்ஃபிரட் வெயின்ரைட். 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளில் 214 மேடுகளைக் கையெழுத்தாலும் கோட்டோவியத்தாலும் எழுதி முடித்த பெருமகன். இந்த முகட்டுச் சதுப்பைப் பற்றி 1958இல் வந்த மூன்றாம் தொகுதியில் அவர் சொல்லியிருப்பதில் பாராட்டு எதுவுமில்லை. நூல்வருவாயை விலங்குகள் காப்பகத்துக்குக் கொடுத்தவர், ஆனாலும் நாய்க்குணகத்தைத் தொடாமல் விட்டார். 1991இல் அவருடைய சாம்பல் தூவப்பட்டதும் இந்த முகட்டில் அன்று. மேற்கே ஹேஸ்டாக்ஸ் மேட்டின் ஏரிக்கரையில். அறிந்தே தேர்ந்திருக்கிறார்.

சட்ட இலக்கியத்தையும் விட முடியாது. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, திறந்த மேட்டுநிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். கால்நடைக்கு அருகில் என்றால் ஆண்டு முழுதும். தரையில் கூடு கட்டும் பறவைகளும் ஹெர்ட்விக் ஆடுகளும் அங்கே இருப்பதால் இது நியாயமான விதி. (இந்த ஆடு குட்டியில் கருப்பு, வளர வளரச் சாம்பல். வேலியில்லாத மலையில் தன் மந்தையின் எல்லையைத் தாயிடமிருந்தே கற்றுக்கொள்கிறது. வழி தவறி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் மனிதரை அது நிமிர்ந்து பார்க்கும் பார்வையில் ஆய்வாளர்கள் கவனிக்கத் தக்கது உண்டு.) ஆனால் விதியின் உட்பொருள் வேறு. அந்த ஐந்து மாதமும் மனிதன் நாயின் பாதையிலிருந்து 2 மீட்டருக்கு மேல் விலக முடியாது. நாய் குட்டையில் குதித்தால் அவனும் குதித்தாக வேண்டும். கயிற்றின் எந்த முனையில் இருப்பவர் உரிமையாளர் என்பதைச் சேற்றின் நடுவில் சொல்ல முடிவதில்லை.

நாயை அளவுகோலாகக் கொள்ளும் முறையும் ஒன்று உண்டு. நடை முடிந்தபின் உடம்பில் கறைக்கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். நெட்டைக்கால் நாய்க்குக் காலுறை போட்ட மாதிரி. லாப்ரடாருக்கு வயிறு வரை. இந்த மண்ணிலேயே நரி வேட்டைக்காக வளர்த்த லேக்லேண்ட் டெரியருக்குக் கோடே இல்லை, முழுக்க ஒரே நிறம்.

டெரியர் என்றதும் 1805ஐச் சொல்லாமல் தீராது. சார்ல்ஸ் காஃப் என்ற இளைஞர் ஏப்ரலில் ஹெல்வெலின் மலையைக் கடக்கக் கிளம்பி, ரெட் டார்ன் ஏரிக்கு மேலே விழுந்து இறந்தார். மூன்று மாதம் கழித்து ஜூலையில் ஓர் இடையர் உடலைக் கண்டபோது, அவருடைய நாய் ஃபாக்ஸி பக்கத்திலேயே உயிரோடு இருந்தது. வேர்ட்ஸ்வர்த்தும் வால்டர் ஸ்காட்டும் தனித்தனியே அதன் விசுவாசத்தைப் பாடினார்கள். 1890இல் மலைமேல் நினைவுக்கல்லும் நட்டார்கள். மூன்று மாதம் அது எதைத் தின்று பிழைத்தது என்பதில்தான் உரையாசிரியர்கள் மாறுபடுகிறார்கள். எசமானரையே தின்றிருக்கலாம் என்ற பேச்சு அப்போதே எழுந்தது. கவிஞர்கள் அதைக் கொள்ளவில்லை. நாமும் கவிஞர் பக்கமே நிற்கிறோம், சான்று பற்றி அன்று, நாயுடன் நடப்பவர்களின் நிம்மதி பற்றி.

எஞ்சியது உதறல். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, நனைந்த பாலூட்டிகளை அதிவேகக் கேமராவில் படமெடுத்து அளந்தது. சுண்டெலி நொடிக்கு ஏறக்குறைய 30 முறை உதறுகிறது. உடல் பெருக்கப் பெருக்க வேகம் குறைந்து, லாப்ரடாருக்கு நொடிக்கு 4 அல்லது 5 முறை. தளர்ந்த தோல் எலும்பைத் தாண்டிச் சுழல்வதால், நொடிப்பொழுதில் உடம்பிலுள்ள தண்ணீரில் சுமார் 70 சதவீதம் போய்விடுகிறது. எங்கே போகிறது என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஏரியில் நீந்தி வெளிவந்த நாய், சுற்றிலும் ஒரு காதம் வெற்றுமலை கிடக்க, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவர் அருகில் வந்தே உதறும் என்பது இக்கட்டுரையின் புதுக் கண்டுபிடிப்பு. மீதி 30 சதவீதத்துக்குக் காரின் பின்னிருக்கை உண்டு. அங்கே பழைய துண்டு ஒன்றை விரித்துவைப்பது மரபு. நாய் அந்தத் துண்டை விட்டுவிட்டு மற்ற இடத்தில்தான் படுக்கும். சான்று வேண்டுவோர் நாய் வளர்ப்பவர் எவரையும் கேட்டறிக.