இரு கோடுகளுக்கு நடுவே ஒரு தூரம்

கேள்வி: மட்டு மதிப்பு என்பது கழித்தல் குறியை அழிக்கும் வேலைதானே, அதற்கு ஒரு பாடமா?

பதில்: |−5|, |5| இரண்டும் 5 என்பதால் அவ்வாறு தோன்றுகிறது. ஆனால் மட்டு என்ற சொல்லுக்கே அளவு என்று பொருள். எண்களை வரிசையாகக் குறித்த எண்கோட்டில் ஓர் எண் பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதே அதன் மட்டு மதிப்பு ஆகும், எந்தப் பக்கம் உள்ளது என்பதன்று. தெரியாத எண்ணை 'ய' எனக் குறித்தால், அதன்முன் கழித்தல் குறி இல்லாதபோதும் அது குறை எண்ணாக இருக்கலாம் என்பதால், அழிக்கக் குறி தேடுபவர் ஏமாறுவார். தூரத்தைத் தேடுபவர் விடை காண்பார். இந்த இரு நெடுங்கோடுகளைக் குறியீடாக 1841-இல் கையாண்டவர் ஜெர்மானியக் கணித அறிஞர் கார்ல் வையர்ஸ்ட்ராஸ்.

கேள்வி: |ய − 3| = 2 என்ற ஒரே சமன்பாட்டுக்கு இரண்டு விடைகளா?

பதில்: |ய − 3| என்பது ய-க்கும் 3-க்கும் இடைப்பட்ட தூரம். 3-இல் முளை அடித்து, 2 அலகு நீளக் கயிற்றில் மாட்டைக் கட்டினால், கயிறு விறைக்கும் இடங்கள் 1, 5 என இரண்டுதான். கயிற்றின் நீளம் பூச்சியமானால் மாடு முளையிலேயே நிற்கும், விடை ஒன்று; |ய + 4| = −3 என்றால் குறை நீளக் கயிறு எந்தச் சந்தையிலும் கிடைக்காது, ஆகவே விடை இல்லை.

கேள்வி: அசமன்பாட்டில் 'சிறியது' ஒரு துண்டும் 'பெரியது' இரு துண்டும் தருவது ஏன்?

பதில்: பெரியது, சிறியது என்று ஒப்பிடும் கூற்றே அசமன்பாடு. |ய − 3| ≤ 2 என்பது மாடு மேயும் இடம். அது 1 ≤ ய ≤ 5 என ஒரே துண்டாக அமையும். |ய − 3| > 2 என்பது கயிறு எட்டாத புல். அது முளையின் இருபுறமும் இருப்பதால் ய < 1 அல்லது ய > 5 எனப் பிரித்தே எழுத வேண்டும். இவ்விரண்டையும் 5 < ய < 1 என ஒட்டினால், 5-ஐ விட 1 பெரியது என்று சாதிக்க நேரும்.

கேள்வி: வகுப்பறைக்கு வெளியே இதனால் என்ன பயன்?

பதில்: ஆடவர் கிரிக்கெட் பந்தின் எடை 155.9 கிராமுக்கும் 163 கிராமுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. நடுப்புள்ளி 159.45, இருபுறமும் விலகக்கூடிய அளவு 3.55 என்பதால், |ய − 159.45| ≤ 3.55 என்ற ஒரே வரியில் அவ்விதி அடங்கிவிடுகிறது.

கேள்வி: விடை கண்ட பிறகும் சரிபார்க்கச் சொல்வது வீண் வேலையன்றோ?

பதில்: |ய − 2| = 2ய − 7 என்பதை எடுத்துக்கொள்ளலாம். ய − 2 = 2ய − 7 என்றால் ய = 5; ய − 2 = −(2ய − 7) என்றால் ய = 3. முதல் விடையில் இருபுறமும் 3 வருகிறது. இரண்டாவதில் இடப்புறம் 1, வலப்புறம் −1. கோடுகளை நீக்கிப் பிரித்தபோது வலப்புறம் ஒரு தூரம் என்பது மறந்துபோனதால் நுழைந்த பொருந்தா விடை அது. சரிபார்த்தல் அந்தத் தூரத்தை மீண்டும் நினைவூட்டுகிறது.